மன்னிப்புக் கேட்க வந்த உபாத்தியாயர்

எங்கள் பாடசாலைகளில் ஓர் ஆசிரியர் இளைப்பாறும்போது நடைபெறும் விழாவின் முறை எல்லாரும் அறிந்ததொன்றே. வாசலிலே நிறைகுடம், மண்டபம் வரையில் மேளம், மேடையிலே மாலையும் பொன்னாடையும், சட்டமிட்டுக் கண்ணாடி போட்ட வாழ்த்துப்பா. அதன்பின் பேச்சுக்கள். பேச்சாளர் எவராயினும், ஆசிரியர் எவராயினும், இரண்டு சொற்கள் தவறாமல் வந்து சேரும். ஒன்று மெழுகுதிரி, மற்றையது தியாகம். தம்மை உருக்கி ஒளி தந்தவர் என்றும், பொருளையும் பதவியையும் வேண்டாது பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தவர் என்றும் கூறி, சபையோரின் கரகோஷத்துடன் பேச்சாளர் அமர்வார்.

2011 ஆம் ஆண்டிலே எனக்கும் அத்தகைய விழா ஒன்றை எடுத்தார்கள். தியாகி என்ற பட்டம் எனக்கும் கிடைத்தது. அன்று அதை மனம் குளிர்ந்தே ஏற்றுக்கொண்டேன். அந்த வாழ்த்துப்பா இன்னும் என் வீட்டு விறாந்தையிலே தொங்குகின்றது. ஆனால் இப்பொழுது அதன் கீழ் அமர்ந்து பத்திரிகை படிப்பது எனக்குச் சங்கடமாயிருக்கின்றது. இளைப்பாறிய பின்னர் நான் ஆறுதலாகப் படித்த ஓர் அந்நிய நாட்டு உபாத்தியாயரின் சரித்திரமே அதற்குக் காரணம்.

அவர் நம்மெல்லாரிலும் பெரிய தியாகி. யுத்தகளத்திலே உயிரைத் துறக்கத் துணிந்து நின்றவர். மலைபோன்ற செல்வத்தைக் கைகழுவியவர். உலகம் போற்றும் அறிஞராயிருந்தும் மலைநாட்டுச் சிற்றூர்களிலே ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கச் சென்றவர். இவ்வளவும் செய்தவர் ஒரு நாள் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனைத் தலையில் அடித்து மயங்கி விழச் செய்தார். தியாகம் ஒன்று, கற்பித்தல் மற்றொன்று. முன்னையது பின்னையதற்குப் பிணை நிற்காது என்பதே என் துணிபு. அந்த வேறுபாட்டை எனக்குக் காட்டியது அவருடைய வாழ்க்கை.

அவர் பெயர் லுட்விக் விட்கென்ஸ்டைன். தத்துவம் பயில்வோருக்கு அறிமுகம் வேண்டாத பெயர். நான் தத்துவம் பயின்றவனல்லன். அவருடைய தத்துவத்தைப் பற்றி எழுதவும் முற்படவில்லை. ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றி மற்றொரு பள்ளிக்கூட வாத்தியார் எழுதும் கட்டுரை இது.

1889 ஆம் ஆண்டு வியன்னா நகரிலே எட்டுப் பிள்ளைகளுள் கடைக்குட்டியாக அவர் பிறந்தார். தந்தையார் இரும்பு உருக்குத் தொழிலிலே பெருஞ் செல்வம் ஈட்டியவர்; ஒஸ்திரியப் பேரரசின் முதன்மையான தனவந்தருள் ஒருவர். மைந்தர் பொறியியல் கற்கப் பேர்லினுக்கும் பின்னர் மான்செஸ்டருக்கும் சென்றார். அங்கிருந்து 1911 இல் கேம்பிரிட்ஜை அடைந்து பேட்றண்ட் ரசலின் மாணாக்கரானார். 1913 இல் தந்தையார் காலமாகவே, பெரும் பங்கு அவரைச் சேர்ந்தது. அடுத்த ஆண்டே அதில் ஒரு இலட்சம் குரோனை வறுமையுற்ற கலைஞருக்குப் பகிர்ந்தளிக்குமாறு ஒரு சஞ்சிகை ஆசிரியரிடம் ஒப்படைத்தார். அதிலே பங்கு பெற்றவருள் கவிஞர் றில்கேயும் ஒருவர்.

அந்த ஆண்டிலேதான் முதலாம் மகாயுத்தம் மூண்டது. விட்கென்ஸ்டைனுக்குக் குடலிறக்க நோய் இருந்தமையால் அவர் படையிற் சேரவேண்டிய கட்டாயம் இல்லை. ஆயினும் தாமே சென்று சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். விஸ்துலா நதியிலே ரோந்து சென்ற ஒரு கப்பலிலும், பீரங்கித் தொழிற்சாலையிலும் முதலில் வேலை பார்த்தார். அது போதாதென்று வேண்டிக் கேட்டு 1916 இல் போர்முனைக்குச் சென்றார். அங்கும் மிகுந்த ஆபத்துள்ள காவல் நிலையத்தைத் தாமே விரும்பிப் பெற்றார். எதிரியின் பீரங்கிகள் எங்கே உள்ளன என்று பார்த்துச் சொல்லும் இடம் அது. அங்கிருப்பவனையே எதிரி முதலில் குறிவைப்பான். தீரச் செயலுக்கான பதக்கங்கள் அவருக்குக் கிடைத்தன.

யுத்தம் தொடங்கிய காலத்திலே ஒரு சிறு பட்டினத்துப் புத்தகக் கடையில் டால்ஸ்டாய் எழுதிய சுவிசேஷச் சுருக்கம் அவர் கைக்கு அகப்பட்டது. எங்கு சென்றாலும் அதைச் சுமந்து சென்றமையால், சுவிசேஷக்காரன் என்றே உடனிருந்த சிப்பாய்கள் அவரை அழைத்தார்கள். 1918 நவம்பரில் இத்தாலியர் கையிலே கைதியானபோது அவருடைய மூட்டையில் ஒரு கையெழுத்துப் பிரதியும் இருந்தது. பிற்காலத்திலே தத்துவ உலகைக் கலக்கிய அவருடைய முதல் நூலின் பிரதி அது. அடுத்த ஆண்டு ஓகஸ்ட் வரையில் கைதி முகாமிலே இருந்தார். தாம் இனி ஒரு குருவாக வேண்டும், அல்லது பள்ளி ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் உருப்பெற்றது. ஆசிரியராயின் பிள்ளைகளோடு இருந்து சுவிசேஷம் வாசிக்கலாமன்றோ என்று கருதினார்.

வீடு திரும்பியதும் தமக்குரிய சொத்து முழுவதையும் உடன்பிறந்தாருக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு சதமேனும் பிற்காலத்துக்கென ஒதுக்கி வைக்க இணங்கவில்லை. அந்தக் குடும்பமும் யுத்தத்தால் அடிபட்ட குடும்பமே. ஒரு தமையன் யுத்தத்தின் இறுதியிலே தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். பியானோக் கலைஞரான மற்றொரு தமையன் பவுல் வலக்கையை இழந்து வந்தார்; பின்னர் இடக்கை ஒன்றினாலேயே வாசித்துப் புகழ் பெற்றார்.

முப்பது வயது நிரம்பிய, பதக்கம் பெற்ற படை அதிகாரி, வாலிபர் நடுவே வாங்கில் அமர்ந்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலே கற்றார். அவருடைய மூத்த சகோதரி இதைக் கண்டு மனம் வருந்தினார். நுட்பமான கருவி ஒன்றைக்கொண்டு மரப்பெட்டி உடைப்பது போன்றது இது என்று அவர் கூறினாராம். அதற்குத் தம்பி சொன்ன மறுமொழி சிந்திக்கத்தக்கது. சாத்திய கண்ணாடிச் சன்னலுக்குள் நின்று தெருவைப் பார்ப்பவருக்கு, வெளியே போகின்றவன் ஏன் இப்படிக் கோணல்மாணலாக நடக்கின்றான் என்பது விளங்காது. வெளியே புயல் வீசுவதும், விழாமல் நிற்பதற்கே அவன் படாதபாடு படுவதும் உள்ளே நிற்பவருக்குத் தெரியாது. அக்காவின் நிலையும் அதுதான் என்றார். போர் கண்ட நாட்டவராகிய நமக்கு இந்த உவமைக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை.

1920 முதல் 1926 வரையில் கீழ் ஒஸ்திரியாவின் மலைப்பாங்கான கிராமங்களிலே அவர் படிப்பித்தார். முதலில் திராட்டென்பாக், பின்னர் பூக்பேர்க், இறுதியாக ஒட்டர்தால். அவர் எத்தகைய ஆசிரியராயிருந்தார் என்பதை நாம் நின்று பார்க்கவேண்டும். ஏனெனில் அவர் தொழில் தெரியாத முரடராயிருந்திருப்பின் இக்கதையில் நமக்குப் பாடம் எதுவுமில்லை.

உயிரினங்களின் உடலமைப்பைக் கற்பிக்க அவர் படம் வரைந்து காட்டவில்லை. இறந்த பூனையொன்றின் எலும்புகளைச் சுத்தஞ் செய்து பிள்ளைகளைக்கொண்டே கோத்து நிறுத்தினார். நீராவி இயந்திரத்தின் மாதிரியைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்தார். வகுப்பை வியன்னாவுக்கு அழைத்துச் செல்வார். வழியிலே காட்டு மரஞ்செடிகளுக்குப் பெயர் சொல்லி, நகரத்திலே கட்டடங்களின் பாணியைப் பிரித்தறியச் செய்து, இரவிலே மலைப்பாதையில் நடத்திக் கூட்டி வருவார். திராட்டென்பாக் ஆலையிலே ஒரு சமயம் நீராவி இயந்திரம் நின்றுவிட்டது. வந்த பொறியியலாளருக்குப் பிழை அகப்படவில்லை. இந்த வாத்தியார் சென்று, நான்கு பேரைச் சுத்தியலுடன் நிறுத்தி, தாம் சொன்ன முறைப்படி தட்டச் செய்து இயந்திரத்தை ஓடவைத்தாராம். கைம்மாறாகக் கிடைத்த துணியை ஏழை மாணாக்கருக்குப் பகிர்ந்தளித்தார். கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பள்ளி முடிந்த பின்னரும் மாலைவரை வைத்திருந்து மேற்பாடம் நடத்தினார்.

இவையெல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அவர் இயற்றிய அகராதி. ஒரு சொல்லின் எழுத்து ஐயமாயின் பிள்ளை தானே பார்த்துத் தெளிய வேண்டும் என்பது அவர் கருத்து. கடையிலே கிடைத்த அகராதிகள் பெரியனவாயும் விலை மிகுந்தனவாயும் இருந்தன. எனவே பிள்ளைகள் வழங்கும் சொற்களைத் திரட்டி, அவர்களைக்கொண்டே கொப்பியிலே எழுதுவித்துச் சிற்றகராதிகள் செய்வித்தார். அந்த அனுபவத்திலிருந்து 42 பக்கத்திலே பாடசாலை அகராதியொன்றைத் தொகுத்தார். அது 1926 இல் வியன்னாவிலே அச்சாகி வெளிவந்தது. அறிஞர் வழக்கு என்றும் கொச்சை என்றும் பாராது, அந்த மலைநாட்டுப் பேச்சிலே வழங்கிய சொற்களையும் அதிலே சேர்த்தார். அவர் உயிரோடிருந்தபோது வெளிவந்த அவருடைய நூல்கள் இரண்டே. ஒன்று தத்துவ நூல். மற்றையது இந்தப் பள்ளிப் பிள்ளைகளின் அகராதி.

எழுத்துப் பிழையைத் திருத்தும் பொறுப்பை ஆசிரியரின் சிவப்பு மையிலிருந்து எடுத்துப் பிள்ளையின் கையிலே கொடுத்த செயல் இது. தன் எழுத்துக்குத் தானே பொறுப்பாளி என்று பிள்ளையை உணரச் செய்வதைவிட உயர்ந்த மரியாதையை எந்த ஆசிரியர் எந்தப் பிள்ளைக்குச் செய்துவிட முடியும்?

இனி மறுபக்கத்தைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு நாளும் காலையில் நெடுநேரம் கணக்குப் பாடம் நடைபெறும். பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு அட்சரகணிதம் கற்பிப்பார். விளங்கிய பிள்ளைக்கு அது விருந்து. விளங்காத பிள்ளைக்கு நரகம். காதிலே அறை விழும். தலைமயிர் பிடித்து இழுக்கப்படும். அக்காலத்து ஒஸ்திரியக் கிராமங்களிலே குறும்பு செய்யும் பையனுக்கு அடி விழுவது புதுமையன்று. ஆனால் கணக்கு விளங்காமைக்காக அடிப்பதும், பெண் பிள்ளைகளை அடிப்பதும் அங்குள்ளாருக்கே ஒவ்வாதனவாயிருந்தன.

1926 ஏப்ரிலில் ஒட்டர்தால் பள்ளியிலே, உடல்நலம் குன்றிய, பாடத்திலே மெதுவான பதினொரு வயதுப் பையன் ஒருவனை இரண்டு மூன்று முறை தலையில் அடித்தார். பையன் மயங்கி விழுந்தான். அவனைத் தூக்கிச் சென்று தலைமை ஆசிரியரின் அறையிலே கிடத்திவிட்டு, வகுப்பைக் கலைத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார். இவரிடம் முன்பு அடிபட்ட சிறுமி ஒருத்தியின் வீட்டுக்காரர் அங்கே வந்து இவரை எதிர்ப்பட்டு, நீ ஆசிரியனல்லன், மிருகம் பழக்குபவன் என்று ஏசினார். மேலதிகாரி வேலையை விடவேண்டாமென்று சொல்லியும் கேளாமல், ஏப்ரில் 28 ஆம் திகதி பதவியைத் துறந்தார். விஷயம் நீதிமன்றம் வரை சென்றது. அகராதி வெளிவந்ததும் இந்த அடி விழுந்ததும் ஒரே ஆண்டில் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

நாம் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: இவ்வளவு துறந்த ஒருவர் ஏன் ஒரு மெதுவான பிள்ளையைப் பொறுக்க முடியாதவரானார்?

யுத்தமே காரணம் என்று சொல்வாருமுளர். நான்கு ஆண்டுகள் மரணத்தின் வாயிலில் நின்றவரின் நரம்புகள் எப்படி இருந்திருக்கும் என்பார்கள். இதிலே உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இந்த நியாயத்தை நான் முழுவதும் ஏற்கமாட்டேன். நான் எந்தப் போர்முனையிலும் நின்றவனல்லன். என் கையிலும் தடி இருந்தது. என்னோடு படிப்பித்தவர்கள் எவரும் பீரங்கிப் படையிலிருந்து வந்தவரல்லர். அவர்கள் மேசையிலும் தடி இருந்தது.

அவர் டால்ஸ்டாயைப் படித்துவிட்டுக் கிராமத்துக்கு வந்தார். புத்தகத்திலே கண்ட எளிய, பரிசுத்தமான குடியானவரைத் தேடி வந்தார். அங்கே இருந்தவர்களோ மாட்டையும் விறகையும் கடனையும் நினைத்து வாழ்ந்த மெய்யான மனிதர். பிள்ளையை மாலைவரை பள்ளியில் வைத்திருந்தால் வயல்வேலைக்கு ஆளில்லையே என்று முறையிட்ட பெற்றோர். ஓராண்டு கழிந்தபின் இவ்வூர் மனிதர் கெட்டவர் என்று ரசலுக்குக் கடிதம் எழுதினார். மனிதர் எங்கும் அப்படித்தான் என்று ரசல் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. இல்லாத கிராமமொன்றை நேசித்து, இருந்த கிராமத்தின்மேற் சினம் கொண்டார்.

இதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு என்பது என் எண்ணம். தியாகம் செய்பவர் தமக்குத் தாமே கடுமையானவர். தம் பசியைப் பொருட்படுத்தார். தம் களைப்பைப் பொருட்படுத்தார். இந்தக் கடுமை தமக்குள்ளே நிற்கும் வரையில் அது தவம். வகுப்பறைக்குள் வந்து, நான் இவ்வளவு துறந்து வந்திருக்கின்றேன், நீ இந்தச் சின்னக் கணக்கைச் செய்ய மாட்டாயா என்று ஒரு பிள்ளையின் முன் நிற்கும்போது அது கொடுமையாகி விடுகின்றது. அந்தப் பிள்ளை எந்தத் தியாகத்தையும் வேண்டிக் கேட்கவில்லை. இவர் துறந்த மாளிகைக்கு அது கடனாளியுமன்று. எனினும் கடன் வசூலிப்பது போல நாம் அதனிடம் பெறுபேற்றை வசூலிக்க நிற்கின்றோம்.

நல்லாசிரியரின் இலக்கணத்தை நம் நன்னூலார் வகுத்திருக்கின்றார். ஆசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் அவர் ஒப்பிட்டதை இலக்கணம் கற்ற மாணாக்கர் அறிவர். மெழுகுதிரிக்கு ஒப்பிடவில்லை. நிலத்துக்கு அவர் சொல்லும் குணங்களுள்ளே பொறையும் ஒன்று. பருவத்துக்கும் உழவனின் முயற்சிக்கும் ஏற்பப் பயன் தருதல் மற்றொன்று. விதைத்த அன்றே விளையவில்லையென்று நிலத்தோடு கோபித்துக்கொள்ளும் உழவனும் இல்லை; உழவனை அடிக்கும் நிலமும் இல்லை. விட்கென்ஸ்டைனிடம் எல்லாம் இருந்தன. நிலத்தின் பொறை ஒன்று இருக்கவில்லை.

பள்ளியை விட்டு வெளியேறியவர் வியன்னாவை அடுத்த ஹுட்டல்டோர்வ் என்னுமிடத்திலே துறவிகளின் மடமொன்றுக்குச் சென்றார். அங்கே துறவியாகலாமா என்று விசாரித்தார். அவர் தேடுவது அங்கே கிடைக்காது என்று கண்ட மடத்தலைவர் இணங்கவில்லை. எனவே தோட்டக்காரராகச் சேர்ந்து, கருவிகள் வைக்கும் கொட்டிலிலே படுத்துறங்கிச் சில மாதம் மண் கொத்தினார். முன்னரும் 1920 கோடையிலே, பயிற்சி முடிந்து பள்ளி தொடங்குவதற்கு இடையில், குளோஸ்டர்நொய்புர்க் மடத்திலே தோட்டவேலை செய்தவர் அவர். இரண்டாம் மகாயுத்தக் காலத்தில், கேம்பிரிட்ஜிலே தத்துவப் பேராசிரியராக இருந்தபோதும், 1941 இல் இலண்டன் கைஸ் ஆஸ்பத்திரிக்குத் தாமாகவே சென்று, மருந்துசாலையிலிருந்து வார்டுகளுக்கு மருந்து சுமக்கும் வேலையை ஏற்றார். வாழ்நாள் முழுவதும் உடலுழைப்பும் ஊழியமும் அவருக்கு ஒருவகைப் பிரார்த்தனையாயிருந்தன போலும்.

ஆனால் மண் கொத்தியமையால் அந்த அடி மறைந்துவிடவில்லை. 1929 இல் கேம்பிரிட்ஜ் திரும்பினார், புகழ் பெற்றார், அறிஞர் பலர் அவர் வாய்ச்சொல்லைக் குறித்துக்கொள்ளக் காத்திருந்தார்கள். அந்த நிலையிலேதான், 1936 ஆம் ஆண்டின் இறுதியிலும் அதை அடுத்த மாதங்களிலும், நண்பர் பலரிடம் சென்று தம் குற்றங்களை எழுதி வைத்து வாசித்து ஒப்புக்கொண்டார். அவற்றுள் ஒன்று, வகுப்பிலே ஒரு சிறுமியைத் தாம் அடித்ததும், தலைமை ஆசிரியர் கேட்டபோது அடிக்கவில்லையென்று பொய் சொன்னதுமாகும். அடித்ததிலும் பார்க்க அந்தப் பொய்யே அவரை அதிகம் அரித்தது.

நண்பரிடம் சொல்லுதல் ஓரளவு இலகு. அதோடு அவர் நின்றுவிடவில்லை. முன்னறிவிப்பின்றி ஒட்டர்தால் கிராமத்துக்குச் சென்றார். பத்து ஆண்டுகள் கழிந்திருந்தன. பிள்ளைகள் இளைஞராகிவிட்டார்கள். அடிபட்டவர்களின் வீடு வீடாகச் சென்று வாசலிலே நின்று மன்னிப்புக் கேட்டார். குறைந்தது நால்வரின் வீட்டுக்கேனும் சென்றார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகின்றார்கள். சிலர் அன்போடு ஏற்றனர். ஒருத்தி மட்டும் வேண்டா வெறுப்பாக, ஆம் ஆம் என்று இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டாளாம்.

அந்த இரண்டு சொல்லைப் பெற்றுக்கொண்டு அவர் படியிறங்கிய காட்சியை நான் பலமுறை மனத்திலே கண்டிருக்கின்றேன். அவளை நான் குறைகூறமாட்டேன். மன்னிப்புக் கேட்பது அடித்தவரின் கடமை; மன்னிப்பது அடிபட்டவரின் கடமையன்று. விட்கென்ஸ்டைன் இராணுவத்திலே பெற்ற பதக்கங்களைவிட, அந்த வாசற்படியிலே நின்ற நேரமே அவருடைய தீரத்துக்குச் சான்று என்பேன். காவல் நிலையத்திலே குண்டுக்கு முன் நிற்பவனுக்கு நாடு பின்னால் நிற்கின்றது. முன்னாள் மாணாக்கியின் வாசலில் நிற்கும் வாத்தியாருக்குப் பின்னால் எவரும் இல்லை.

இனி என் கதைக்கு வருகின்றேன். இதைச் சொல்லாமல் முன்னையவற்றைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

1979 ஆம் ஆண்டு, ஏழாம் வகுப்பிலே சொல்வதெழுதல் நடத்திக்கொண்டிருந்தேன். கரையோரத்திலிருந்து வந்த ஒரு பையனுக்கு ழகரமும் ளகரமும் எப்பொழுதும் மாறிவிடும். மழை என்பதை அவன் எப்படி எழுதுவான் என்று முன்கூட்டியே எனக்குத் தெரியும். அன்றும் அப்படியே எழுதினான். பிழைக்கு ஒரு அடியென்பது என் சட்டம். பூவரசந் தடியால் இரண்டு கையிலும் மாறி மாறி அடித்தேன். அவன் அழவில்லை. அழாமை எனக்கு எதிர்ப்பாகப் பட்டது. எனவே கணக்குக்கு மேலும் அடித்தேன். மறுநாள் அவனாற் பேனை பிடிக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. தகப்பனாரோடு கடலுக்குப் போகின்றான் என்றார்கள். இடாப்பிலே அவன் பெயரைச் சிவப்புக் கோட்டால் வெட்டியதும் நானே.

எனக்குத் தாய்மொழியின்மேல் அளவிலாப் பற்று. தமிழைப் பிழையாக எழுதுவதைக் காணப் பொறுக்காது. அந்தப் பற்றையே நான் தியாகம் என்றும் தொண்டு என்றும் எண்ணியிருந்தேன். அந்தத் தமிழுக்குரியவன் அவனும் அல்லவா என்பது எனக்கு அன்று தோன்றவேயில்லை. பிள்ளைகளின் கையில் அகராதியைக் கொடுத்த அந்த ஒஸ்திரிய வாத்தியாரின் வரலாற்றைப் படித்தபோது, என் கண் முன்னே வந்து நின்றது அந்தப் பையனின் உள்ளங்கை.

யுத்தமும் இடப்பெயர்வும் கடந்து அவன் இப்பொழுது ஒரு சந்தியிலே சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பதாக அறிந்தேன். சென்ற ஆண்டு போனேன். அறுபதை நெருங்கிய மனிதர். என்னைக் கண்டதும் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். வாங்கைத் துடைத்து இருக்கச் சொன்னார். நான் வந்த காரணத்தைத் தடுமாறிச் சொன்னேன்.

"அது எப்பத்தையக் கதை சேர். நீங்கள் அடிச்சபடியால்தானே நாங்கள் மனுசராய் வந்தனாங்கள்," என்றார்.

எனக்கு மறுமொழி வரவில்லை. நான் அடித்து அவரை ஆளாக்கவில்லை; நான் அடித்தபின் அவர் பள்ளிக்கே வரவில்லை. அது எங்களிருவருக்கும் தெரியும். எனினும் மரியாதையின் பொருட்டு அவர் அப்படிச் சொன்னார். கடையின் மூலையிலே ஒன்பது வயது மதிக்கத்தக்க பேரன் ஒருவன் இருந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். அவனைக் காட்டிச் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"இவனுக்கும் ரண்டு போடுங்கோ சேர், அப்பதான் படிப்பான்."

சிறுவன் தலை நிமிர்ந்து என் கையைப் பார்த்தான்.

ஒட்டர்தாலிலே கிடைத்த ஆம் ஆம் என்ற சொல் எனக்குக் கிடைத்திருந்தால் நான் ஆறுதலடைந்திருப்பேன். எனக்குக் கிடைத்ததோ நன்றி. நம் சமுதாயத்தின் இக்கட்டு இதிலேதான் இருக்கின்றது. நாம் அடித்தவர்கள் நம்மை வாழ்த்துகின்றார்கள். அடியாத மாடு படியாது என்று அவர்களே நமக்குப் பழமொழி எடுத்துத் தருகின்றார்கள். மாலை போட்டு மேடையேற்றி, அடியையும் தியாகத்தின் கணக்கிலே சேர்த்து விடுகின்றார்கள். ஆதலால் மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியமே நமக்குத் தோன்றுவதில்லை. அந்த நன்றியிலே மயங்கி நாம் சும்மா இருக்கும்போது, நம் தடி அவர்கள் கைக்கு மாறி, அவர்களுடைய பேரப்பிள்ளைகளைத் தேடிச் செல்கின்றது.

சிறு தண்டனையைக்கூடக் கைவிட்டால் வகுப்பை நடத்துவது எப்படி என்று இளம் ஆசிரியர் என்னைக் கேட்கலாம். நாற்பது பிள்ளைகளுக்கு முன் நிற்கும் சிரமம் எனக்குத் தெரியாததன்று. அதற்கு விடை அந்த 42 பக்க அகராதியிலே இருக்கின்றது. பிழையைக் கண்டுபிடிக்கும் வழியைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால், பிழைக்குத் தண்டனை கொடுக்கும் வேலை ஆசிரியருக்கு இல்லாமற் போய்விடும். அது சிரமமான வழி. நேரம் பிடிக்கும் வழி. விட்கென்ஸ்டைனே அந்த வழியைக் கண்டும் அதிலே முற்றாக நடக்க முடியாமற் போனார். எழுத்திலே அவர் பிள்ளையை நம்பினார், கணக்கிலே நம்பவில்லை. எந்தப் பாடத்திலே நாம் பிள்ளையை நம்பவில்லையோ அந்தப் பாடத்திலேதான் நம் கை நீள்கின்றது.

1951 இல் அவர் காலமானார். அதன்பின், 1953 இல், அவருடைய இரண்டாவது பெருநூல் வெளியாயிற்று. ஒரு குழந்தை மொழியை எப்படிக் கற்றுக்கொள்கின்றது என்ற கேள்வியோடு அது தொடங்குகின்றது என்று அறிந்தோர் கூறுவர். குழந்தைக்குச் சொல்லைப் பழக்குவதைக் குறிக்க, மிருகத்தைப் பழக்குவதற்கு ஜேர்மன் மொழியில் வழங்கும் சொல்லையே அங்கே ஆண்டிருக்கின்றார். ஒட்டர்தாலிலே அந்த வீட்டுக்காரர் ஏசிய ஏச்சு அவர் காதிலே கடைசிவரை ஒலித்ததோ என்னவோ, நான் அறியேன். அந்த வகுப்பறை அவரை விட்டுப் போகவில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

என்னோடு இளைப்பாறிய ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நமக்கு விழா எடுத்துவிட்டார்கள், வாழ்த்துப்பாவும் தந்துவிட்டார்கள். இனி நமக்கு நேரம் உண்டு. இடாப்பிலே சிவப்புக் கோடு விழுந்த ஒரு பெயர் ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருக்கும். அந்த ஒரு வீட்டுக்கு ஒரு தடவை போய்வாருங்கள். நன்றி சொன்னால் அதை அப்படியே வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். நான் அப்படித் திரும்பி வந்துவிட்டேன். அடுத்த வாரம் மறுபடியும் அந்தச் சைக்கிள் கடைக்குப் போக எண்ணியிருக்கின்றேன். இம்முறை அந்தப் பேரனுக்கு ஒரு சிறிய தமிழ் அகராதி வாங்கி வைத்திருக்கின்றேன். அதைக் கொடுக்கும்போது, அவனுடைய பேரனாரை நான் அடித்தது பிழையென்று அவன் காது கேட்கச் சொல்லவேண்டும்.